ரயிலை நிறுத்திய எண்கள்

ஆடி மாதத்தில் பாம்பன் காற்று ஆளைப் பேசவிடாது. காலை ஆறு மணிக்கு மண்டபம் பக்கத்துப் பாலமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் முதல் வேலையாகத் தோள்துண்டைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். வலப்பக்கம் தென்கடல் நுரைத்துக் கொந்தளித்தது. இடப்பக்கம் வடகடல் கண்மாய்த் தண்ணீர் போல அடங்கிக் கிடந்தது. கச்சான் வீசும் மாதங்களில் இப்படித்தான் இருக்கும் என்றார் ஆட்டோக்காரத் தம்பி. இரண்டு கடலுக்கும் நடுவே ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் நீளத்துக்கு அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம். 1988 அக்டோபர் 2ஆம் தேதி திறந்தார்கள். அதற்கு முன்பு ராமேசுவரம் போக ரயிலை விட்டால் படகுதான்.

நான் கோயிலுக்கு வரவில்லை. 2025 ஜூலை 9ஆம் தேதி குஜராத்தில், மஹிசாகர் ஆற்றின் மேல் இருந்த கம்பீரா பாலத்தின் ஒரு கண் காலை நேரத்தில் அப்படியே இற்று விழுந்தது. ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் ஆற்றுக்குள் போயின. குறைந்தது 20 பேர் இறந்தார்கள். சுமார் 40 வயதுப் பாலம் அது. செய்தியில் வந்த படத்தில், உடைந்த விளிம்பில் தொங்கி நின்ற லாரியைப் பார்த்தது முதல் எந்தப் பாலத்தில் ஏறினாலும் கால் கூசுகிறது. விழுந்த பாலத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். விழுவதற்கு முன்பே போக்குவரத்து நிறுத்தப்பட்ட ரயில் பாலம் ஒன்று நம் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

துணைக்கு எங்கள் தெருப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். கட்டுமானப் பொறியியலில் ஆராய்ச்சி மாணவி. பாலங்கள் வண்டியைச் சுமக்கும்போதே அவற்றின் உடல்நிலையை அளப்பது எப்படி என்பதுதான் அவளுடைய படிப்பு. முறை வைத்து என்னை மாமா என்று அழைப்பாள், எனக்கு அவள் மருமகள். முதுகுப் பையில் ஒரு லேப்டாப், சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி, கொஞ்சம் வயர். அவ்வளவுதான் அவள் கொண்டுவந்த சாமான்.

நடைபாதையில் நடந்தோம். பாலம் மெல்ல மெல்ல மேலேறுகிறது, நடுவில் படகுகள் அடியில் போக இடம் வேண்டுமே. ஒவ்வொரு கண்ணின் முடிவிலும் குறுக்கே ஓர் இடைவெளி. வெயிலில் பாலம் நீள, குளிரில் சுருங்க விட்ட இடம். பேருந்து அதைத் தாண்டும்போது ‘தடக்’ என்று ஒரு சத்தம், பின்சக்கரத்துக்கு இன்னொரு ‘தடக்’. சத்தம் எல்லோருக்கும் கேட்கும். அதற்குப் பிறகு நடப்பதுதான் நின்று பார்த்தால் மட்டும் தெரியும். காலடியில் தரை ஒரு மயிரிழை தாழ்ந்து, எழுந்து, மறுபடி தாழ்ந்து, சில நொடிகள் விம்மி அடங்குகிறது. கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் இன்னும் நன்றாகத் தெரிகிறது. பயந்து கையை எடுத்தேன்.

“ஆடணும் மாமா. ஆடாத பாலம் கெடையாது. எப்படி ஆடுதுங்கிறதுதான் கேள்வி.”

ஒரு கண்ணின் நடுவாகப் பார்த்து, சுவரோரம் அந்தப் பெட்டியை வைத்தாள். உள்ளே இருப்பது முடுக்கமானி. நாம் கைப்பேசியைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதே இனத்துக் கருவி, இன்னும் நுட்பமானது. சுற்றுலாப் பேருந்து ஒன்று போனது. மீன் ஏற்றிய லாரி ஒன்று, இரண்டு வேன், அரசுப் பேருந்து. லேப்டாப் திரையில் பூரான்கள் ஊர்வது போலக் கோடுகள் கிறுக்கிக்கொண்டு ஓடின. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். கிறுக்கல் மறைந்து, தட்டையான கோட்டின் மேல் இரண்டு மூன்று கொம்புகள் எழுந்து நின்றன. அடுத்த வண்டிக்கு மறுபடி கிறுக்கல், மறுபடி கொம்புகள். கொம்பின் உயரம் வண்டிக்கு வண்டி மாறியது. இடம் மாறவில்லை.

நான் குனிந்து விரலை வைத்துப் பார்த்தேன். மீன் லாரிக்கும் அதே இடம். வெறும் வேனுக்கும் அதே இடம்.

சந்தையில் மண்சட்டி வாங்கும்போது அம்மா சுண்டிப் பார்ப்பாள். நகத்தால் சுண்டினாலும் காசால் தட்டினாலும் நல்ல சட்டிக்கு ஒரே ஓசைதான். கீறல் விட்ட சட்டி ‘பொத்’தென்று சொல்லிவிடும். பாலத்துக்கும் சொந்த ஓசை உண்டு. அதன் நீளம், எடை, விறைப்பு மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. காதுக்கு எட்டாத அளவுக்குக் கனத்த ஓசை என்பதால் கருவி வேண்டியிருக்கிறது. பாலத்தை யார் தட்டுவது? வண்டிகள்தான். போக்குவரத்தை நிறுத்தாமல், அந்தப் போக்குவரத்தையே சுண்டும் விரலாக வைத்துக்கொள்கிறார்கள்.

பழைய முறை வேறு. சாலையை மறித்து, எடை போட்ட மணல் லாரிகளை வரிசையாக நடுப்பாலத்தில் நிறுத்தி, எத்தனை மில்லிமீட்டர் தொய்கிறது, லாரியை எடுத்தபின் எவ்வளவு மீள்கிறது என்று பார்ப்பார்கள். இன்றும் அது தேவைப்படுகிற சோதனைதான். தரமணியில் உள்ள கட்டுமானப் பொறியியல் ஆய்வு மையத்தார் போன்றவர்கள் அதில் கைதேர்ந்தவர்கள். ஆனால் இந்தத் தீவுக்கு இருப்பது இந்த ஒரே சாலை. ஆம்புலன்சும் குடிமைப்பொருள் லாரியும் இதில்தான் வந்தாக வேண்டும். இதை எத்தனை தடவை மறிக்க முடியும்?

“அப்போ இந்தப் பெட்டி ஒண்ணு போதுமே, எல்லாப் பாலத்துலயும் வெச்சுட்டா?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “போதாது மாமா. அதை நெனைச்சுத்தான் நான் தூங்காம இருக்கேன்” என்றாள். பிறகு நடந்துகொண்டே ஒரு கதை சொன்னாள். 1993இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில், ரியோ கிராண்டே ஆற்றின் மேல் இடிக்கப்போகிற ஒரு நெடுஞ்சாலைப் பாலம் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. அதன் பெரிய இரும்பு உத்திரம் ஒன்றை நான்கு கட்டமாக வெட்டி வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் பாலத்தின் ஓசையை அளந்தார்கள். முதல் வெட்டுக்கு மாற்றம் இல்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. உத்திரத்தின் அடிப்பட்டை முழுவதும் அறுபட்ட நான்காவது வெட்டில்தான் ஓசை தெளிவாக இறங்கியது. சட்டி இரண்டாக உடையும் வரை சத்தம் காட்டவில்லை என்றால் சுண்டிப் பார்த்து என்ன பயன்?

அதனால் ஒரு கருவியை மட்டும் நம்புவதில்லை. அசைவை அளக்க ஒன்று, இரும்பு இழுபடுவதை அளக்க ஒன்று, சாய்வுக்கு ஒன்று, வெப்பத்துக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று என்று பலவற்றைச் சேர்த்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள். மருத்துவர் நாடியும் பார்க்கிறார், ரத்தமும் எடுக்கச் சொல்கிறார் அல்லவா, அப்படி.

நடுப்பாலத்துக்கு வந்திருந்தோம். காற்று தள்ளுகிறது. சுற்றுலா வந்தவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே தண்ணீரில் இரண்டு ரயில் பாலங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. ஒன்று 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதுப்பாலம். அதன் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு, கப்பல் வரும்போது லிஃப்ட் போல நேராக மேலெழும். மற்றொன்று 1914 பிப்ரவரி 24இல் ரயில் ஓடத் தொடங்கிய பழைய பாலம். அதன் நடுப்பகுதி ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த முறை. இரண்டு கைகளாகப் பிரிந்து, வளைந்த அடிப்பாகத்தில் உருண்டு, வானத்தைப் பார்த்து எழும். சின்ன வயதில் ரயில் ஜன்னல் வழியாக அதைத் தாண்டியிருக்கிறேன். நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூட, ஊர்ந்து ஊர்ந்து போகும். பெட்டி முழுக்க ஆட்கள் வாய்மூடி இருப்பார்கள். சில்லறைக் காசைக் கடலில் போடுபவர்கள் போடுவார்கள்.

1964 டிசம்பர் புயல் ஒரு பயணி ரயிலையே தனுஷ்கோடிப் பக்கம் கடலுக்குள் கொண்டுபோனது. இந்தப் பாலத்தின் கர்டர்களையும் பிய்த்தெறிந்தது. ஷெர்சர் பகுதி மட்டும் நின்றது. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் பாலத்தைச் சீர்செய்தார். பிற்பாடு டெல்லி மெட்ரோ கட்டியவர் அவரே. மீட்டர் கேஜுக்குக் கட்டிய பாலத்தில் 2007 முதல் அகலப்பாதை ரயில் ஓடியது. நூறு வயதைத் தாண்டியும் அந்த இரும்பு உப்புக்காற்றில் நின்று சுமந்தது. மயாமிக்கு அடுத்தபடி உலகில் அரிப்பு மிகுந்த இடம் பாம்பன் என்று பொறியாளர்கள் சொல்வது வழக்கம். கைப்பிடிச் சுவரைத் தடவிய என் கையை நக்கிப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

பாம்பன் பக்கம் இறங்கி, பேருந்து நிறுத்தத்துக்கு அருகே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். அங்கே ஒரு பெரியவர் எங்களுக்காகக் காத்திருந்தார். ரயில்வேயில் பிரிட்ஜ் கலாசியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் சொல்லிவைத்திருந்தார். கறுத்து மெலிந்த உடம்பு. வலது கை கட்டைவிரல் நகம் பாதி இல்லை.

“எங்க காலத்துல பொட்டி ஏது தம்பி? சுத்தியலும் வெரலும்தான்.”

எப்படி என்று கேட்டேன். கடை மேசையின் இரும்புக் காலில் செய்து காட்டினார். இடது ஆள்காட்டி விரலை ரிவெட்டின் தலையும் தகடும் சேரும் இடத்தில், இரண்டையும் தொடும்படி வைக்க வேண்டும். மறுபக்கம் சின்னச் சுத்தியலால் பக்கவாட்டில் ஒரு தட்டு. 110 கிராம் சுத்தியல், அதற்கு மேல் கூடாது. ரிவெட் தளர்ந்திருந்தால் விரலுக்கடியில் அது துள்ளுவது தெரியும். இறுகியிருந்தால் தகடும் அதுவும் ஒரே உடம்பாக அதிரும். ஒரு கர்டருக்கு எத்தனை நூறு ரிவெட்! கடல்காற்றில், சாரத்தில் தொங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக. மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவை, மழை முடிந்து விரிவாக ஒரு தடவை என ஆண்டுக்கு இரண்டு முறை பாலங்களைப் பார்ப்பது ரயில்வே வழக்கம். விரிசல் சந்தேகம் வந்த இடத்தில் அதன் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒட்டி, தேதி போட்டு வைப்பார்களாம். அடுத்த முறை வந்து பார்க்கும்போது கண்ணாடி உடைந்திருந்தால் விரிசல் நடந்திருக்கிறது என்று பொருள்.

என் மருமகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். பிறகு “தாத்தா, நானும் ஒண்ணு காட்டுறேன்” என்று பையிலிருந்து ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்தாள். அதன் நடுவில் அஞ்சல்தலையில் கால்வாசி அளவுக்கு ஒரு மஞ்சள் படலம் ஒட்டியிருந்தது. கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தால் படலத்துக்குள் மெல்லிய உலோக இழை மடிந்து மடிந்து ஓடுகிறது, ஜாங்கிரி பிழிந்த மாதிரி. இதுதான் ஸ்ட்ரெயின் கேஜ். இரும்பு நீண்டால் இழையும் நீளும். நீண்டால் மெலியும். மெலிந்தால் மின்தடை கூடும். அந்தச் சிறு மாற்றத்தை, பிளஸ் டூ இயற்பியலில் நாம் படித்த வீட்ஸ்டன் சுற்று பிடித்துவிடும். ஆங்கிலத்தில் அந்தச் சுற்றுக்கும் பாலம் என்றே பெயர். பாலத்தை அளக்க இன்னொரு பாலம்.

ஸ்கேலை மேசை விளிம்பில் நீட்டிவைத்துப் பெரியவரை அழுத்தச் சொன்னாள். கையடக்க மீட்டரில் எண் 0இலிருந்து ஏறி 300ஐத் தாண்டியது. விட்டார், திரும்ப 0. ஒரு மீட்டர் இரும்பு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டால் இந்த மீட்டர் 1 என்று காட்டும். சாதாரணக் கட்டுமான இரும்பு ஏறத்தாழ 1,250 வரை இழுபட்டாலும் விட்டதும் பழைய நீளத்துக்கு வந்துவிடும். தாண்டினால் வராது. பெரியவர் மறுபடி அழுத்தினார், மறுபடி விட்டார். நாலைந்து தடவை செய்துவிட்டு, “இது பேசுது” என்றார்.

அப்புறம் அவள் சொன்னாள்: “இப்ப அழுத்தாம சும்மா உள்ளங்கையால பொத்தி வைங்க தாத்தா.” வைத்தார். எண் தானாகவே நகர ஆரம்பித்தது. யாரும் சுமை ஏற்றவில்லை. கைச்சூடுதான்.

என்னைக் கலங்கவைத்த இடம் இதுதான். பத்து மீட்டர் இரும்பு உத்திரம் பத்து டிகிரி சூடேறினால் 1.2 மில்லிமீட்டர் நீளும். அதிகாலைக்கும் உச்சிவெயிலுக்கும் நடுவே ஒரு ரயில் வந்துபோனதற்கு ஈடான மாற்றத்தை வெயிலே கொடுத்துவிடும். சுவிட்சர்லாந்தில் இஸட் 24 என்ற பாலத்தை இடிப்பதற்கு முன், 1997 முதல் ஓர் ஆண்டு போல அளந்தார்கள். குளிர் உறைநிலைக்குக் கீழே போனதும் தார் இறுகி, பாலத்தின் ஓசை 10 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. வேண்டுமென்றே பாலத்தைச் சேதப்படுத்தியபோது வந்த மாற்றத்தைவிடத் தட்பவெப்பம் தந்த மாற்றம் பெரிதாக இருந்தது. ஆகவே எந்தப் பாலத்திலும் கருவி வைத்தவுடன் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. குறைந்தது ஒரு முழு ஆண்டு, எல்லாப் பருவத்திலும், அது எப்படி நடந்துகொள்கிறது என்று கூடவே இருந்து பழக வேண்டும். பிறகுதான், இது வெயிலின் வேலை, இது பாரத்தின் வேலை, இது நோய் என்று பிரிக்க முடியும். எச்சரிக்கும் மஞ்சள் எங்கே, நிறுத்தும் சிவப்பு எங்கே என்று கோடு கிழிப்பதும் அதற்குப் பிறகுதான்.

“அந்தச் செவப்பு வந்த அன்னைக்கு நீங்க எங்க தாத்தா இருந்தீங்க?” என்று கேட்டாள்.

2018 டிசம்பரிலேயே ஷெர்சர் பகுதியில் விரிசல் கண்டு ரயிலை நிறுத்தினார்கள். பழுது பார்த்து 2019இல் மறுபடி விட்டார்கள். சென்னை ஐஐடி பொருத்திய சென்சார்கள் அதற்குப் பிறகு அந்தப் பாலத்தை இரவு பகலாகக் கவனித்துவந்தன. காற்றுக்குத் தனியாக ஒரு ஏற்பாடு முன்பே இருந்தது. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டிக் காற்று வீசினால் சிக்னல் சிவப்புக்கு மாறிவிடும். ரயில் பாலத்தில் ஏறாது. 2022 டிசம்பர் 23ஆம் தேதி சிவப்பு காட்டியது காற்று அல்ல, பாலம். அன்று நிறுத்திய ரயில் அந்தப் பாலத்தில் பிறகு ஓடவே இல்லை.

பெரியவர் டீ கிளாசை வைத்துவிட்டுச் சொன்னார். “வீட்டுலதான் இருந்தேன் தாயி. ராத்திரி ரயில் சத்தம் வரல. எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டாத்தான் தூக்கம். மறுநாள் ஆளாளுக்குத் திட்டுனாங்க. மண்டபத்துல எறங்கி, மூட்டையத் தூக்கிட்டு பஸ்ஸு புடிச்சு வரணும்ல. கைக்குழந்தைக்காரி, வயசானவுக. நல்லாத்தான நிக்குது, எதுக்கு நிறுத்துனான்னு கேட்டாக. நான் சொன்னேன்: நிக்கும்போது நிறுத்துனாத்தான்டா நிறுத்துனது. விழுந்தப்புறம் நிறுத்துறதுக்குப் பேரு வேற.”

இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ராமேசுவரம் போகும் ரயில்கள் கரையிலேயே நின்றன. பாம்பன் ரயிலடிக் கடைக்காரர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் ஓர் உயிரும் போகவில்லை. கம்பீராவையும் பாம்பனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குப் படுவது இதுதான்: கருவி இருந்தது மட்டும் பாம்பனைக் காப்பாற்றவில்லை. கருவி சொன்னதைக் கேட்டு, “நாளை முதல் ரயில் போகாது” என்று கையெழுத்துப் போட ஒருவருக்கு அதிகாரம் இருந்தது. திட்டு வரும் என்று தெரிந்தும் போட்டார்.

இதற்கு எதிரான சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. 2007 ஆகஸ்டு 1இல் மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேல் இருந்த ஐ-35 டபிள்யூ பாலம் மாலை நெரிசலில் விழுந்து 13 பேர் இறந்தார்கள். உத்திரங்களை இணைத்த தகடுகள், வடிவமைப்புப் பிழையால், வேண்டிய கனத்தில் பாதிதான் இருந்தன. விசாரணையில் 2003இல் எடுத்த புகைப்படங்கள் வெளியே வந்தன. அந்தத் தகடுகள் வளைந்திருப்பது படத்தில் தெளிவாகத் தெரிகிறது. பாலத்தைத் தவறாமல் ஆய்வு செய்துகொண்டுதான் இருந்தார்கள். படமும் எடுத்தார்கள். படம் சொன்னதை யாரும் படிக்கவில்லை. அதே இடத்தில் மறு ஆண்டே எழுந்த புதுப்பாலத்துக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட சென்சார்களை வைத்தே கட்டினார்கள்.

சென்சாரும் சாகும் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த உப்புக்காற்றில் வயர் பச்சை பிடித்து அறுகிறது, பசை விடுகிறது, பேட்டரி தீர்கிறது. ஒரு கேஜை ஒட்டுவதற்குள் என் மருமகள் படும் பாட்டைக் கேட்டேன். பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஒரே திசையில் துடைத்து, பென்சிலால் குறுக்குக்கோடு போட்டு, பசை தடவி, கட்டைவிரலால் ஒரு நிமிடம் அசையாமல் அழுத்த வேண்டும். மேலே மெழுகும் சிலிக்கானும் பூச வேண்டும். அத்தனையும் செய்து, ஒரு சொட்டு ஈரம் உள்ளே போனால் அது வாய்மூடிவிடும். வாய்மூடிய கருவியின் திரை அமைதியாக, நேர்கோடாக இருக்கும். தெரியாதவர் அதைப் பார்த்துப் பாலம் நலம் என்று எழுதிவிட்டுப் போவார். இப்போது கண்ணாடி இழை வழியாக ஒளியை அனுப்பி அளக்கும் முறை வந்திருக்கிறது. மின்சாரம் ஓடாத கண்ணாடி இழை என்பதால் துரு அதை நெருங்காது. கடல் பாலங்களுக்கு அதுதான் ஏற்றது என்று அவள் உறுதியாகச் சொல்கிறாள்.

தண்ணீருக்கு அடியில் நடப்பது வேறு கதை. 2018 ஆகஸ்டில் திருச்சி கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது, 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. மேலே இரும்பு எப்படி இருந்தாலும், தூணின் காலடி மணலை ஆறு அள்ளிக்கொண்டு போனால் பாலம் நிற்காது. பக்கத்தில் புதுப்பாலம் வந்துவிட்டதால் வண்டிகள் அதில் போகவில்லை, தப்பித்தோம். ஆற்றுப் பாலங்களில் அடிமண் அரிப்பைத்தான் முதலில் அளக்க வேண்டும். மேலே நூறு கேஜ் ஒட்டிவிட்டுக் கீழே ஆழம் பார்க்காமல் விட்டால் அது வீண்செலவு.

எங்கள் ஊர் ஆற்றுப் பாலத்தைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு கண்களுக்கு நடுவே இடைவெளியில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தது. மணல் லாரிகள் அளவுக்கு மீறிய பாரத்தோடு அதில் இரவெல்லாம் ஓடின. இரண்டு மனு கொடுத்தேன். மூன்றாம் மாதம் வந்து, அதன் மேலேயே தார் போட்டு மூடினார்கள். இடைவெளி அடைபட்டால் வெயிலில் பாலம் நீள இடமில்லை. தாரின் எடை பாலத்துக்கு நிரந்தரச் சுமை. கம்பி இன்னும் உள்ளே துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. பார்க்க மட்டும் வழவழவென்று இருக்கிறது. அதிக பாரத்தின் கணக்கை மருமகள் சொன்னபோது வயிறு கலங்கியது. இரும்பு இணைப்புகளில் ஒவ்வொரு வண்டியும் தரும் இழுவிசை இரண்டு மடங்கானால் களைப்பால் வரும் சேதம் ஏறத்தாழ எட்டு மடங்கு. ஒரு லாரிக்காரர் இரட்டைப் பாரம் ஏற்றி ஒரு நடை மிச்சம் பிடிக்கிறார். பாலம் அந்த ஒரு நடைக்கு எட்டு நடையின் ஆயுளைக் கொடுக்கிறது.

வெயில் ஏறியிருந்தது. பெரியவர் எங்களைக் கரையோரம் கூட்டிக்கொண்டு போனார். வல்லம் ஒன்றைக் கரையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து இரண்டு ரயில் பாலங்களும் நெருக்கத்தில் தெரிந்தன. புதுப்பாலத்தில் ரயில் வந்தது. சத்தம் முன்பு போல இல்லை, வேகமும் முன்பு போல இல்லை, சீராக ஓடிக் கடந்தது. பெரியவர் ரயிலைப் பார்க்கவில்லை. பக்கத்துப் பழைய பாலத்தின் கர்டர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் விரல் பட்ட ரிவெட்டுகளை எண்ணுகிறாரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

“புதுசுக்கும் சுத்தியல் புடிக்க ஆள் வேணும் தம்பி. பொட்டி இருக்குன்னு ஆளை நிறுத்திரக் கூடாது” என்று மட்டும் சொன்னார்.

என் முடிவும் அதுதான். நாட்டின் நெடுஞ்சாலைப் பாலங்களைக் கணக்கெடுக்க 2016இல் தொடங்கிய இந்தியப் பால மேலாண்மை அமைப்பின் பதிவேட்டில் சிறுபாலங்களையும் சேர்த்து 1.7 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. எல்லாவற்றிலும் சென்சார் வைக்கப் பணமும் இல்லை, படித்துச் சொல்ல ஆளும் இல்லை. எல்லாவற்றுக்கும் கண்ணும் சுத்தியலும் போக வேண்டும். கடல்மேல் நிற்பவை, வயதானவை, மாற்றுவழி இல்லாதவை, அளவுக்கு மீறிய பாரம் ஓடுகிறவை, இவற்றுக்கு மட்டும் முதலில் கருவி வைக்கட்டும். வைத்தால், சிவப்பு வரும் நேரத்தில் யார் தொலைபேசி அடிக்க வேண்டும், யார் சாலையை மறிக்க வேண்டும் என்பதையும் அன்றைக்கே எழுதி வைக்கட்டும்.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பாலத்தின் முகப்பிலும் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. திறந்துவைத்தவர் பெயரும் நாளும் அதில் உண்டு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வேண்டும் என்று உங்கள் ஊராட்சியிலும் நகராட்சியிலும் நெடுஞ்சாலைத் துறையிலும் கேளுங்கள். இந்தப் பாலம் எத்தனை டன் தாங்கும், கடைசியாக எந்தத் தேதியில் சோதித்தார்கள், அடுத்த சோதனை எப்போது என்று மூன்றே வரி போதும்.